நீலமலைத் தடங்கள்

சிட்னி மாநகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் 1000 மீட்டர் உயரத்தில் கட்டும்பா என்னும் மலையூர் அமைந்துள்ளது. அவ்வூரின் தெற்கு விளிம்பில் நிலம் சட்டென முடிந்துவிடுகிறது. செங்குத்தான மணற்பாறைச் சுவர்களுக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தைலமரக் காடு விரிந்து கிடக்கிறது. தைலமர இலைகளிலிருந்து ஆவியாகும் எண்ணெயே அக்காட்டின் மேல் படரும் நீலத்திற்குக் காரணம் என்பர். அந்நீலமே மலைத்தொடருக்கு நீலமலை என்னும் பெயரையும் தந்தது. தமிழ்நாட்டின் நீலகிரியும் அதே பொருளுடைய பெயரைத் தாங்கியது. நீலகிரியில் இன்று ஓங்கி நிற்கும் தைலமரமும் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலிய மண்ணிலிருந்து கொண்டுவரப்பட்டதே.

விடுமுறை நாள்களில் கட்டும்பாவின் எக்கோ பாயிண்ட் முனையில் குடும்பங்கள் வந்து குவிகின்றன. மூன்று சகோதரிகள் எனப்படும் பாறைத் தூண்களைக் கண்டு, படம் எடுத்து, கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு, கால் வலுவுள்ளோர் பள்ளத்தாக்கில் இறங்கி நடந்து மீள்கின்றனர். இந்நடையை ஆஸ்திரேலியர் 'புஷ்வாக்கிங்' என்பர். 'புஷ்' என்னும் சொல் புதரை மட்டும் குறிப்பதன்று. நகரத்திற்கு அப்பாற்பட்ட காடு, மேடு, ஊர்ப்புறம் அனைத்தையும் அந்நாட்டார் அச்சொல்லால் சுட்டுவர். எனவே தமிழில் இதனைக் 'காட்டுநடை' எனலாம்.

பொழுதுபோக்காகத் தோன்றும் இந்நடைக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பெருமைக்குரிய பக்கங்கள் பல. காட்டைக் காத்தவர்கள் அரசரோ செல்வரோ அல்லர். வார இறுதியில் முதுகில் மூட்டை சுமந்து நடந்த எழுத்தர்களும் ஆசிரியர்களும் தட்டச்சு செய்த பெண்களுமே. ஆனால் அதே வரலாற்றில் எழுதப்படாமல் விடப்பட்ட பக்கமும் ஒன்று உண்டு. அவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அம்மலையின் கதை முழுமை பெறும்.

ஆறுகளை அகழ்ந்த கதை

நீலமலையும் அதனைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளும் குந்துங்குரா, தாருக் முதலிய மக்களின் நிலம். வரைபடம் என்னும் தாள் அவர்களிடம் இல்லை. கதையே அவர்தம் வரைபடம். குந்துங்குரா மக்களிடமிருந்து கேட்டறிந்த அத்தகைய கதை ஒன்றை, நில அளவையாளராகவும் மானிடவியல் ஆர்வலராகவும் விளங்கிய ஆர்.எச். மாத்யூஸ் 1908இல் அச்சேற்றினார்.

குரங்காச் என்பது பாதி மீனும் பாதி ஊர்வனவுமான ஒரு பேருயிர். அஃது ஆழமான ஒரு மடுவில் வாழ்ந்தது. மிரகன் என்பவனோ பெயர்பெற்ற வேட்டையாளன். புள்ளிகளையுடைய குவால் என்னும் சிறு பைவிலங்கின் மரபினன். மடுவில் மின்னிய குரங்காச்சின் கண்ணைக் கண்ட மிரகன் அதனைப் பிடிக்க முயன்றான். ஈட்டி பயன்படாமற் போகவே, மரப்பட்டைகளை நீரில் இட்டு நஞ்சூட்டினான். குரங்காச் தரையைப் பிளந்துகொண்டு தப்பி ஓடிற்று. அது பிளந்த வழியெல்லாம் நீர் தொடர்ந்து பாய்ந்தது. மிரகன் துரத்தினான், அது திரும்பித் தாக்கியது, மீண்டும் ஓடியது. அவ்வாறு அகழப்பட்டனவே வொலண்டில்லி ஆறும் காக்ஸ் ஆற்றின் பள்ளத்தாக்கும் ஜெனோலன் குகைகளை ஒட்டிய ஓடைகளும் என்கிறது கதை. இறுதியில், நீரில் மூழ்கவல்ல பறவைகளின் துணையால் குரங்காச்சின் சதைத்துண்டு ஒன்றை மட்டுமே மிரகனால் பெற முடிந்தது.

இக்கதையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒவ்வொரு மடுவுக்கும் ஒரு பெயர் உண்டு. கதையை அறிந்தவன் வழியை அறிந்தவனாவான். நிலத்தை முதற்பொருளாக வைத்து, அதனோடு தெய்வத்தையும் மக்களையும் உணவையும் பறவையையும் தொழிலையும் கருப்பொருளாக இணைத்துக் கண்ட தமிழ்த் திணைக்கோட்பாட்டில் பயின்றவர்க்கு இது புதிதன்று. மக்களை நீக்கிவிட்டு மலையை மட்டும் தனியே காண்பது திணை மரபுக்கு உடன்பாடானதன்று. குந்துங்குரா மரபுக்கும் அவ்வாறே.

'கடந்தவர்கள்'

1788இல் சிட்னியில் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியது. மேற்கே தெரிந்த மலை கால் நூற்றாண்டுக் காலம் அவர்களுக்குச் சுவராக நின்றது. 1813 மே 11 அன்று கிரெகரி பிளாக்ஸ்லேண்ட், வில்லியம் லாசன், வில்லியம் சார்லஸ் வென்ட்வொர்த் ஆகிய மூவரும் பணியாளர் நால்வர், குதிரைகள் நான்கு, நாய்கள் ஐந்து ஆகியவற்றுடன் புறப்பட்டனர். பள்ளத்தாக்கில் இறங்காமல் மலை முகட்டையே பற்றிச் சென்றமையால், மே 31ஆம் நாள் மேற்குச் சரிவைக் கண்டனர். ஆஸ்திரேலியப் பள்ளிப் பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவந்த 'நீலமலைக் கடப்பு' இதுவே.

ஆனால் அம்மலையை அதற்கு முன்னரே எண்ணிறந்தோர் கடந்திருந்தனர். 1823இல் ஆர்ச்சிபால்ட் பெல் என்னும் இளைஞர் வடபுறத்தில் மற்றொரு வழியைக் 'கண்டறிந்தார்'. அவ்வழியைக் காட்டியவர்கள் தாருக் மக்களே. ஆயினும் சாலைக்கு இன்றளவும் பெல்லின் பெயரே வழங்குகிறது. 1819இல் நீலகிரிக்கு ஏறிச் சென்ற ஜான் சல்லிவனும் அம்மலையைக் 'கண்டுபிடித்தவர்' என்றே நெடுங்காலம் குறிக்கப்பட்டார். தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தபோதே அவ்வாறு எழுதப்பட்டது. இரு நீலமலைகளுக்கும் நேர்ந்தது ஒன்றே.

வில்லியம் காக்ஸ் என்பவரின் மேற்பார்வையில், 1814 சூலைக்கும் 1815 சனவரிக்கும் இடையில், கைதிகளின் உழைப்பால் மலைமேல் 101 மைல் நீளமுள்ள சாலை போடப்பட்டது. சாலையின் வழியே கால்நடைகளும் குடியேறிகளும் மேற்கே சென்றனர். அங்கே வாழ்ந்த விராஜுரி மக்களோடு மோதல் மூண்டது. 1824 ஆகஸ்டில் ஆளுநர் பிரிஸ்பேன் பாதர்ஸ்ட் பகுதியில் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். இன்று உல்லாச வண்டிகள் செல்லும் பெருவழி, அன்று இவ்வாறும் பயன்பட்டது.

இச்சாலையில் 1836 சனவரியில் பயணம் செய்தவர்களுள் இளம் அறிவியலார் சார்லஸ் டார்வினும் ஒருவர். விடுதி ஒன்றில் தங்கிய அவர், சிற்றோடை ஒன்றை ஒட்டிக் காட்டினூடே நடந்து பாறை விளிம்பை அடைந்து, எதிர்பாராது விரிந்த பள்ளத்தாக்கைக் கண்டு வியந்து எழுதினார். பயன் கருதாது, காணும் பொருட்டே நடந்த அந்நடையை இன்றைய காட்டுநடையின் முன்னோடி எனலாம். அவர் நடந்த ஓடைக்கரையில் இன்று அவர் பெயரால் ஒரு நடைபாதை உள்ளது.

இரயிலும் படிக்கட்டும்

சிலர்க்கே வாய்த்த காட்சியைப் பலர்க்கும் உரியதாக்கியது இரயில். 1867இல் இருப்புப்பாதை மலைமேல் ஏறியது. 1868இல் மவுண்ட் விக்டோரியாவை எட்டியது. கல் உடைக்கும் இடமாக மட்டுமே இருந்த ஓர் இரயில் நிறுத்தம் 1877இல் கட்டும்பா என்னும் பெயர் பெற்றது. வீழும் நீரைக் குறிக்கும் பழங்குடிச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. மக்களை ஓரந்தள்ளிவிட்டு அவர்தம் சொல்லை ஊருக்குச் சூட்டும் வழக்கம் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது.

1875இல் எக்கல்ஸ்டன் டு ஃபோர் என்பவர் ஓவியர்களையும் ஒளிப்படக் கலைஞரையும் க்ரோஸ் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் சென்று முகாமிட்டார். 1879இல் சிட்னிக்குத் தெற்கே தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனுக்குப் பின் உலகில் எழுந்த மிகப் பழைய தேசியப் பூங்காக்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அன்று பூங்கா என்றால் காட்டைக் காப்பது என்று பொருளில்லை. நகரத்து மக்கள் புகையிலிருந்து விடுபட்டு மூச்சு விடுவதற்கான இடம் என்பதே பொருள். புல்வெளி அமைத்தனர், படகு விட்டனர், மான்களைக் கொணர்ந்து வளர்த்தனர்.

நீலமலையில் அருவிகளுக்கும் முகடுகளுக்கும் பாதைகள் வெட்டப்பட்டன. பள்ளத்தாக்கின் அடியில் செல்லும் ஃபெடரல் பாஸ் என்னும் பாதை 1900இல் அமைந்தது. மூன்று சகோதரிகளை ஒட்டிப் பாறையில் செதுக்கப்பட்ட, ஏறத்தாழ 900 படிகளைக் கொண்ட பெரும்படிக்கட்டு 1932இல் திறக்கப்பட்டது. உளியும் சம்மட்டியும் கொண்டு இவற்றை வெட்டியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பாறைகளில் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்திற்கென இட்ட சரிவுத் தண்டவாளத்தில், கரித்தொட்டியிலேயே நடையர்களை ஏற்றி மேலே கொணரும் வழக்கமும் தோன்றியது. 1945இல் சுரங்கம் மூடப்பட்ட பின் அத்தண்டவாளம் சுற்றுலாவிற்கே உரியதாயிற்று.

மூட்டை சுமந்த தலைமுறை

விடுதியில் தங்கி, பாதையில் நடந்து, மாலையில் திரும்புவது ஒருவகை நடை. வேண்டியதை முதுகில் சுமந்து, பாதையற்ற காட்டில் நாள் கணக்கில் நடப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு உரு கொடுத்தவர்களுள் தலையாயவர் மைல்ஸ் டன்ஃபி (1891–1985). சிட்னி தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக்கலை பயிற்றுவித்த இவர், 1914இல் நண்பர்களுடன் 'மலைத்தடக் கழகம்' என்னும் சங்கத்தைத் தொடங்கினார். அஃது ஆடவர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1927இல் தோன்றிய 'சிட்னி புஷ்வாக்கர்ஸ்' சங்கமோ மகளிரையும் சமமாகச் சேர்த்துக்கொண்டது. 'புஷ்வாக்கர்' என்னும் சொல் நாடெங்கும் வேரூன்ற அச்சங்கத்தின் பெயரே பெரிதும் காரணமாயிற்று. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1922இல், மெல்பர்னில் மகளிர் தமக்கெனத் தனி நடைச்சங்கம் கண்டிருந்தனர்.

மகளிர் நடந்த செய்தி எளிதாகக் கடந்து போகத்தக்கதன்று. நீண்ட பாவாடையே தகுதியான உடை எனக் கருதிய காலத்தில், அரைக்காற்சட்டை அணிந்து, ஆடவரோடு ஒரே முகாமில் தங்கிக் காட்டில் நடப்பது துணிவான செயல். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்த முதற் பெண்மணி மேரி பைல்ஸ் (1900–1979) இத்தலைமுறையைச் சேர்ந்தவர். கடலோரக் குன்றுகளில் நடந்து பழகிய இவரது முயற்சியால் 1935இல் பூடி என்னும் பகுதி பூங்காவாக ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில் பௌத்தத்திலும் காந்தியத்திலும் தோய்ந்து நூல்கள் எழுதிய இவ்வம்மையார், சிட்னியில் தாம் கட்டிய சிறு வீட்டிற்கு 'அகிம்சா' எனப் பெயரிட்டார். இவர் காலத்தவரான டாட் பட்லரோ கரடுமுரடான மலைகளிலும் செருப்பின்றி வெறுங்காலோடு நடந்து பெயர் பெற்றவர்.

குடும்பமும் காட்டிற்கு வந்தது. டன்ஃபியும் அவர் துணைவியார் மார்கரெட்டும் தம் குழந்தை மைலோவைப் பாட்டியிடம் விட்டுச் செல்லவில்லை. குழந்தையைத் தள்ளிச் செல்லும் வண்டி ஒன்றைக் காட்டுவழிக்கேற்ப மாற்றியமைத்து, 'கனங்ரா எக்ஸ்பிரஸ்' எனப் பெயர் சூட்டி, அதிலேயே வைத்து மலைமேடுகளில் உருட்டிச் சென்றனர். உடன் சென்ற நாயின் பாதங்களுக்கும் தோலால் காலுறை தைத்திருந்தனர். அவ்வண்டியில் சென்ற குழந்தை பின்னாளில் என்னவாயிற்று என்பது கீழே கூறப்படும்.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் ஆஸ்திரேலியாவையும் வாட்டியது. வேலையிழந்தவர்களுள் ஒருவரான பேடி பாலின், தம் வீட்டிலேயே எடை குறைந்த முதுகுப்பைகளையும் கூடாரங்களையும் தைத்து விற்கத் தொடங்கினார். பணமில்லாதவர்க்கும் கைவந்த இன்பம் நடையே. 1932இல் இரயில்வே நிருவாகம் 'மர்ம நடை' என்னும் உலாக்களை நடத்தியது. எங்கே இறங்குவோம் என்று அறியாமலே மக்கள் திரள் திரளாக இரயிலேறினர். பின்னர் 1948இல் வாரத்திற்கு 40 மணி நேர வேலை என்னும் விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவிலேயே செய்யப்பட்ட ஹோல்டன் கார் வெளிவந்தது. முழுச் சனிக்கிழமையும் சொந்த வண்டியும் வாய்த்த பின் குடும்ப உலா நடுத்தர மக்களின் வாழ்க்கை முறையாயிற்று.

130 பவுனுக்கு ஒரு காடு

காட்டுநடையர் வரலாற்றில் பொன்னெழுத்துப் பக்கம் 1931இல் எழுதப்பட்டது. அவ்வாண்டு ஈஸ்டர் விடுமுறையில், ஆலன் ரிக்பி என்பவர் தலைமையில் ஒரு குழு க்ரோஸ் பள்ளத்தாக்கின் அடியில் முகாமிட்டது. அங்கே, ஆற்றங்கரை வண்டல் மண்ணில், நீலத் தைலமரங்கள் தூண் தூணாக வானளாவி நிற்கும் ஒரு காடு இருந்தது. அங்கே எதிர்ப்பட்ட ஹங்கர்போர்ட் என்பவர் அந்நிலத்தின் குத்தகைதாரர். மரங்களை வெட்டிவிட்டு வால்நட் பயிரிடப் போவதாக அவர் கூறினார்.

நடையர்கள் ஊர் திரும்பிச் சங்கங்களைக் கூட்டினர். குத்தகையை விட்டுக்கொடுக்க ஹங்கர்போர்ட் 150 பவுன் கேட்டார். 1931 நவம்பரில், கொட்டும் மழையில், அக்காட்டினுள்ளேயே இரு தரப்பாரும் கூடிப் பேசினர். 130 பவுனுக்கு உடன்பாடு ஏற்பட்டது. பலர்க்கு வேலையே இல்லாத காலம் அது. அன்பர் ஒருவர் வட்டியின்றிக் கொடுத்த கடனாலும், நடனக் கூட்டங்களாலும் நன்கொடைகளாலும் பணம் திரட்டப்பட்டது. 1932 செப்டம்பரில் அரசு அக்காட்டை மக்களுக்குரிய ஒதுக்கிடமாக அறிவித்தது. அதே 1932இல் நடைச்சங்கங்கள் கூட்டமைப்பாகவும் ஒன்றுபட்டன.

பாரியைத் தேருக்காகவும் பேகனைப் போர்வைக்காகவும் போற்றுவது தமிழ் மரபு. அவர்கள் உள்ளதைக் கொடுத்த குறுநில மன்னர்கள். இந்நடையர்களோ இல்லாததைத் திரட்டிக் கொடுத்தவர்கள். அவர்கள் வாங்கியது தமக்கென ஒரு நிலத்தையன்று. மரம் நிற்கும் உரிமையை.

டன்ஃபி இதற்கும் மேலே சிந்தித்தார். ஒரு காட்டை மட்டுமன்றி, மலைத்தொடர் முழுவதையும் ஒரே பூங்காவாக்க வேண்டும் என்றார். சாலை புகாத ஆதிநிலமாக அதன் உட்பகுதி நிலைக்க வேண்டும் என்றார். தம் கையால் வரைந்த வரைபடத்துடன் அத்திட்டத்தை 1934 ஆகஸ்டில் கட்டும்பா நாளிதழின் இணைப்பாக வெளியிட்டார். கால் நூற்றாண்டு கழித்து, 1959இல், நீலமலைத் தேசியப் பூங்கா பிறந்தது. குழந்தை வண்டியில் காடு கண்ட மகன் மைலோ டன்ஃபி, 1968இல் தொடங்கிய கோலாங் குகைப் பாதுகாப்புப் போராட்டத்திலும் அதன் பின்னரும் முன்னின்றார். 1996இல் மறையும் வரை சூழல் காப்பே அவர் தொழிலாயிற்று. 2000ஆம் ஆண்டில், பத்து இலட்சம் எக்டேர் பரப்பிற்கும் மேற்பட்ட 'பெரும் நீலமலைப் பகுதி' உலக மரபுச் செல்வமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. 1934இல் ஒருவர் தாளில் இட்ட கோடு, 66 ஆண்டுகளில் நிலத்தில் எல்லையாயிற்று.

வரைபடத்தில் இல்லாதவர்கள்

அவ்வரைபடங்களை மீண்டும் விரித்துப் பார்த்தல் வேண்டும். முகடுகளுக்கும் ஓடைகளுக்கும் டன்ஃபி நூற்றுக்கணக்கான பெயர்களை இட்டார். பழங்குடிச் சொற்களும் அவற்றுள் உண்டு. ஆனால் 'மனிதர் தீண்டாத ஆதிநிலம்' என்னும் கருத்தே, அந்நிலத்தில் வாழ்ந்த மனிதர்களை எண்ணாமையால் விளைந்தது. அவர்கள் கடந்தகாலத்தவர் அல்லர். நடையர்கள் மூட்டை சுமந்து சென்ற அதே ஆண்டுகளில் அதே மலையில் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

கட்டும்பா நகரின் நடுவில் சதுப்பு நிறைந்த பள்ளம் ஒன்று உண்டு. 'கல்லி' என்பது அதன் பெயர். குந்துங்குரா, தாருக் குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. பரகொராங் பள்ளத்தாக்கிலிருந்து இடம்பெயர நேர்ந்தோரும் வந்து சேர்ந்தனர். 1957இல் கார்ப் பந்தயத் திடல் அமைப்பதற்காக அக்குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, வீடுகள் இடிக்கப்பட்டன. அடுத்த இரண்டாம் ஆண்டில்தான் நீலமலைத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. மரங்களுக்குக் காப்பு கிடைத்த அதே ஊரில், அதே காலத்தில், மனிதர்களுக்கு அது கிட்டவில்லை.

1960இல் வாரகம்பா அணை நிறைவுற்றது. சிட்னிக்குக் குடிநீர் தரும் அவ்வணையின் நீர் பரகொராங் பள்ளத்தாக்கை மூடியது. வெள்ளையரின் பண்ணைகளும், தொடக்ககால நடையர்களின் தடங்களும், குரங்காச்சும் மிரகனும் போரிட்ட ஆற்று வளைவுகளுள் பலவும் நீருக்கடியில் சென்றன. கதை உயிரோடிருக்க, கதையின் நிலம் மூழ்கியது.

மற்றொரு செய்தி கவிஞர்கள் கருதத்தக்கது. மூன்று சகோதரிகள் பாறையைப் பற்றி வழங்கும் கதை உலகெங்கும் பரவியுள்ளது. வேற்றுக்குலத்து இளைஞரை விரும்பிய மூன்று பெண்களை மந்திரக்காரன் ஒருவன் கல்லாக்கினான். மீண்டும் பெண்ணாக்கும் முன் அவனே மாண்டான் என்பது அக்கதை. பழங்குடியினரின் தொன்மக் கதை என்றே சுற்றுலா நூல்கள் இதனைக் கூறிவந்தன. ஆனால் இது 1930களை ஒட்டி வெள்ளையரால் புனையப்பட்டது என ஆய்வாளர் சிலர் காட்டியுள்ளனர். ஆற்றை அகழ்ந்த உண்மைக் கதை ஆய்வேட்டில் உறங்க, புனைந்த கதை படம் போட்ட அஞ்சலட்டைகளில் உலகை வலம்வந்தது. ஒரு மக்களுக்காகப் பிறர் பேசும்போது நேரும் இழப்பிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திருத்தப்படும் பக்கங்கள்

அண்மைக் காலத்தில் இவ்வரலாறு மெல்லத் திருத்தப்பட்டு வருகிறது. 2002இல் கல்லிப் பள்ளம் பழங்குடியினர்க்குரிய சிறப்பிடமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தோரின் நினைவுகளைக் கேட்டுத் தொகுத்த டயான் ஜான்சனின் நூல் 2007இல் வெளிவந்தது. பந்தயத் திடலின் பழைய தார்த்தடம் இன்று நடையர் செல்லும் பாதையாகியுள்ளது.

இத்திருத்தம் நீலமலையோடு நின்றுவிடவில்லை. நாட்டின் நடுப்பகுதியில் உள்ள உலுரு என்னும் செம்பாறை 1985 அக்டோபர் 26 அன்று அதன் மரபுரிமையாளரான அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. புனிதமான அப்பாறையின் மீது ஏற வேண்டாம் என்று அவர்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டனர். சரியாக 34 ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 26 முதல் ஏறுதல் தடை செய்யப்பட்டது. எவ்விடத்தும் நடக்கலாம் என்பதே உரிமை எனக் கருதிய நடையர் உலகிற்கு, நடவாமல் நிற்பதும் ஒரு மரியாதை என்பதை அது கற்பித்தது.

அதே நாளில், விதிவசமாக, நீலமலைக்கு வடக்கே இடி விழுந்து பற்றிய தீ கோஸ்பர்ஸ் மலையை விழுங்கி, ஐந்து இலட்சம் எக்டேருக்கு மேல் பரவியது. 2019–20 கோடையின் தீக்கள் உலக மரபுப் பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் தொட்டன. க்ரோஸ் பள்ளத்தாக்கின் நீலத் தைலமரக் காடும் தப்பவில்லை. 1994இல் பூங்கா அலுவலர் டேவிட் நோபிள் மலையிடுக்கு ஒன்றில் நடந்தபோது கண்டறிந்த வோலமைப் பைன் மரங்கள் மட்டும் தீயணைப்பாளரின் தனி முயற்சியால் காக்கப்பட்டன. அழிந்ததாகக் கருதப்பட்ட தொல்மரபின் எச்சம் அவை. பணம் திரட்டிக் காட்டை வாங்கிவிட்டால் காப்பு முடிந்தது என்று இனி எவரும் எண்ண இயலாது. அளவான சிறு தீயிட்டுப் பெருந்தீயைத் தவிர்க்கும் பழங்குடியினரின் பழைய அறிவுக்கு இப்பேரழிவிற்குப் பின் கூடுதல் மதிப்புக் கிடைத்துள்ளது. ஆளில்லாக் காடு என்று எண்ணப்பட்டது, ஆளால் பேணப்பட்ட காடே என்பது மெல்ல உணரப்படுகிறது.

தமிழர் நடை

காட்டுநடைச் சங்கங்கள் தோன்றிய காலத்தில் ஆஸ்திரேலியா வெள்ளையர்க்கே உரியது என்னும் கொள்கை ஆட்சி செய்தது. 1901இல் சட்டமான அக்கொள்கை 1973இல் முற்றிலும் கைவிடப்பட்டது. 1983க்குப் பின் ஈழத்துப் போரால் வேரறுந்த தமிழ்க் குடும்பங்கள் பல அந்நாட்டை அடைந்தன. சிட்னியின் மேற்கில் தமிழர் செறிந்து வாழும் பெண்டில் ஹில், டூங்காபி முதலிய ஊர்கள், 1867இல் மலையேறிய அதே இருப்புப்பாதையின் ஓரத்தில் அமைந்தவை.

இன்று அக்குடும்பங்களும் புளிச்சோறும் வடையும் கட்டிக்கொண்டு கட்டும்பா செல்கின்றன. எக்கோ பாயிண்ட் முனையில் மற்ற மொழிகளோடு தமிழும் ஒலிக்கிறது. வீட்டை விட்டு ஒரே இரவில் வெளியேறுதல் என்ன என்பதும், ஊர்ப்பெயர் மாற்றப்படுதல் என்ன என்பதும், பிறந்த மண்ணின் கதையைப் பிறர் எழுதுதல் என்ன என்பதும் அவர்களுள் மூத்தோர்க்கு நூல் வழி அறிந்தவை அல்ல. 1957இல் கல்லிப் பள்ளத்தில் நடந்ததை அவர்களுக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை. கூறினாலே போதும், விளங்கிவிடும்.

ஆகவே அம்மலையைப் பாடப் புகும் தமிழ்க் கவிஞர்க்கு ஒரு கடமை உண்டு. நீலப் புகையையும் அருவியையும் பாடுவது எளிது. அவை எவரையும் கவர்பவை. முதற்பொருளைக் கண்டவர் கருப்பொருளையும் தேடுதல் வேண்டும். அப்பள்ளத்தாக்கை அகழ்ந்த குரங்காச்சையும், கரை மூழ்கிய வொலண்டில்லியையும், மழையில் நின்று 130 பவுனுக்குக் காடு வாங்கியவர்களையும், பந்தயத் திடலுக்காக வீடிழந்தவர்களையும் ஒரே நிலத்தின் மக்களாகக் காணுதல் வேண்டும். மலை எல்லோர் கண்ணுக்கும் நீலமாகவே தெரிகிறது. அதன் தடங்களை இட்டவர்கள் யார் யார் என்பது, கேட்பவர்க்கே தெரிகிறது.